சத்தம் போடாத நாற்காலிக்கு ஒரு பெயர்

ஜூன் 4

மாப்பிள்ளைக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் எப்போதும் நலமாகத்தான் இருக்கிறார்கள். இருக்கிற இடத்திலேயே இருப்பவன் பாடுதான் திண்டாட்டம்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். உன் அக்கா உத்தரவு. போன வாரம் நாம் இருவரும் போனில் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னலைச் சாத்தினார்களாம். "உங்க ரெண்டு பேருக்கும் வாயைத் திறந்தா சண்டைதான் வருது. எழுதிக்கோங்க. எழுதினா கை வலிக்கும், பேச்சு குறையும்" என்று சொல்லி என் போனில் உன் நம்பரையே தடுத்து வைத்துவிட்டாள். அதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவனான நீயோ பஸ் ஏறிப் போய்விட்டாய்.

அன்று நாற்காலி ஷோரூமில் நடந்ததைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நீயும் பேசாதே. விஷயத்துக்கு வருகிறேன். அந்த மேனேஜர் கூப்பிட்டார். நம்முடைய நாற்காலிக் காலுறையைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து விற்றுப் பார்க்கலாம் என்கிறார். ஆனால் மாதம் முடிவதற்குள் ஒரு பெயர் வேண்டுமாம், ஒரு பெட்டி வேண்டுமாம், பெட்டிமேல் ஒரு வரி வேண்டுமாம். பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்துவிடட்டுமா என்று கேட்டேன். சிரித்தார். "பேரே இல்லாத பொருளை எந்தத் தட்டுல சார் வைக்கறது?" என்றார்.

பிராண்டுக்கு அஸ்திவாரம் போடுகிறேன் என்று நீ என் சுவரில் மூன்று பெரிய தாள்களை ஒட்டிவிட்டுப் போனாய். 'நாம் யார்?' 'யாருக்காக?' 'எதை ஒருநாளும் செய்ய மாட்டோம்?' முதல் தாளில் மட்டும் உன் கையெழுத்து இருக்கிறது. 'நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் துணியில் காலுறை செய்பவர்கள். இழுத்தாலும் தரை கத்தாது' என்று. மற்ற இரண்டும் வெள்ளை வெளேரென்று என்னை முறைக்கின்றன. நான் வீட்டுக்குள் மேலும் கீழும் நடக்கிறேன். அவை கூடவே பார்க்கின்றன.

ஃபெல்ட் சுருள்கள் கூடத்தை அடைத்துவிட்டன. சோபா இருந்த இடம் எனக்கே மறந்துபோயிற்று. நாற்காலி ஃபேக்டரியில் சூப்பர்வைசராக ராஜா மாதிரி இருந்தவன், உன் பேச்சைக் கேட்டு வேலையை விட்டேன். என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை என்று கேள்வி. அதை நினைத்தால் ஆறுதலாக இருக்கிறது.

மீதித் தாள்களை நிரப்பி அனுப்பு. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிப்போகாது.

மாமா


ஜூன் 9

மாமாவுக்கு,

கை வலிக்க எழுதிய கடிதம் கிடைத்தது. பேசாதே என்று நீங்கள் சொன்ன விஷயத்தைத்தான் முதலில் பேசப்போகிறேன்.

அன்று மேனேஜர் அந்தக் காலுறையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து "என்ன இது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் மாதக்கணக்கில் தயாராகியிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு, "பெருசா ஒண்ணுமில்ல சார், நாற்காலிக்கு சாக்ஸ் மாதிரி. துணிதான்" என்றீர்கள். அவர் அதைக் கீழே வைத்துவிட்டார். எப்படி வைத்தார் என்று பார்த்தீர்களா? கைக்குட்டையைப் போடுகிற மாதிரி.

ஃபேக்டரியில் உங்கள் நாற்காலியை யாராவது 'வெறும் மரம்' என்று சொன்னால் சும்மா இருப்பீர்களா? ஆளைக் கடித்துக் குதறியிருப்பீர்கள். ஆனால் சொந்தமாக ஒன்று செய்தவுடன், அதை அடுத்தவன் மட்டம்தட்டுவதற்கு முன்னால் நீங்களே தட்டிவிடுகிறீர்கள். அடக்கம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது பயமாகத் தெரிகிறது.

சரி, சொல்லிவிட்டேன். மனசு கொஞ்சம் ஆறியது.

நான் இங்கே ஓர் அட்டைப்பெட்டி அச்சகத்தில் டிசைன் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். எங்கள் மேஜைக்கு நேர் பின்னால் பெட்டி மடிக்கிற மெஷின். நாள் முழுவதும் படபடவென்று அடிக்கிறது. சாப்பிடும்போது என் கால் தானாக அந்தத் தாளத்துக்கு ஆடுகிறது. ஓர் இடத்தில் இருக்கப் பிடிக்காத வியாதி உங்களிடமிருந்து தொற்றிவிட்டது போலிருக்கிறது.

இரண்டாவது தாளைப் பற்றி யோசித்தேன். 'யாருக்காக?' இதில்தான் நம் சிக்கல் எல்லாம் இருக்கிறது. நாற்காலி வைத்திருப்பவன் காலுறை வாங்க வேண்டும். ஆனால் அவனுக்குச் சத்தம் ஒரு தொந்தரவே இல்லை, அவன்தானே போடுகிறான். தொந்தரவு கீழ் வீட்டில் இருப்பவனுக்கு. அவனிடமோ நாற்காலி இல்லை, அதாவது அந்த நாற்காலி இல்லை. வலி ஒருத்தருக்கு, மருந்து சாப்பிட வேண்டியவர் இன்னொருத்தர்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். கீழ் வீட்டுக்காரர்களுக்கு விற்போம். அவர்கள் வாங்கி மேல் வீட்டுக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுக்கட்டும். அழகான பெட்டி. பெயர் 'கீழ்வீடு'. பெட்டிமேல் ஒரே வரி: 'மேலே இருப்பவருக்கு, அன்புடன்.' எப்படி?

இன்னொன்று. இது எப்படிப் பிறந்தது என்று பெட்டியின் உள்பக்கம் நாலு வரி போடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் எப்படி முதல் காலுறையைச் செய்தீர்கள் என்று நடந்தது நடந்தபடி எழுதி அனுப்புங்கள். ஜம்பம் வேண்டாம்.

மாப்பிள்ளை


ஜூன் 15

மாப்பிள்ளைக்கு,

பயமாம். எனக்கு. உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அவன் சொல்றதுல என்ன தப்பு?" என்றாள். அதன்பிறகு உன் கடிதங்களை அவளிடம் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன்.

நீ கேட்ட கதை இதோ. ஜம்பம் இல்லாமல்.

நான் ஓர் இடத்தில் உட்காருகிற ஜாதி இல்லை என்பது உனக்கே தெரியும். அப்போதெல்லாம் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் மேஜையில் உட்கார்ந்து புது நாற்காலிகளை வரைந்து பார்ப்பேன். ஒரு கோடு போட்டதும் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நிற்பேன். திரும்ப வந்து உட்காருவேன். திரும்ப எழுவேன். ஒவ்வொரு தடவையும் நாற்காலி தரையில் 'கிரீச்' என்று கத்தும். எனக்கு அது காதில் விழுந்ததே இல்லை.

நீ அப்போது எங்களுக்கு நேர் கீழே, நாங்கள் பிடித்துக் கொடுத்த அறையில் இருந்தாய். ஒருநாள் காலை நான் நாற்காலியை இழுத்ததும் தரைக்கு அடியிலிருந்து 'டொக் டொக் டொக்'. துடைப்பக் கட்டையால் நீ உன் கூரையைத் தட்டுகிறாய் என்று புரிந்தது. சுர்ரென்று ஏறியது. என் வீட்டில் என் நாற்காலியை நான் இழுக்கக் கூடாதா? வேண்டுமென்றே இன்னொரு இழுப்பு. இன்னொரு 'டொக் டொக்'. இப்படியே நாட்கள் ஓடின. படியில் உன்னைப் பார்த்தால், "என்ன மாமா, சீக்கிரமே எழுந்துட்டீங்க போல" என்று ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கேட்பாய். அமுக்கன் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் தட்டிய தட்டில் மேஜையிலிருந்த பென்சில் உருண்டது. அன்றைக்கு என்னவோ கோபம் வரவில்லை. பாவம், பையன் சரியாகத் தூங்காமல்தானே வேலைக்குப் போகிறான் என்று தோன்றியது. சாயங்காலம் ஃபேக்டரியிலிருந்து வீணான ஃபெல்ட் துண்டுகளைக் கொண்டுவந்து, வெட்டி, நாலு கால்களிலும் மாட்டி, நழுவாமல் இருக்க ரப்பர் வளையம் போட்டேன். மறுநாள் தட்டல் இல்லை. அவ்வளவுதான் கதை. உன் தட்டல்தான் நம் கம்பெனிக்குப் பிள்ளையார் சுழி.

பரிசுப் பெட்டி யோசனை புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. மேல் வீட்டில் இருக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வருகிறது. வேண்டாம், விடு. பிராண்டு உன் இலாகா. வாயைத் திறந்து ஒருமுறை பட்டது போதும். பெட்டியை அடித்து அனுப்பு.

மாமா


ஜூன் 21

மாமாவுக்கு,

பெட்டிகள் பார்சலில் வருகின்றன. மெத்தென்ற அட்டை, ஓரம் மடித்த மூடி, மேலே நாடா. என் கையால் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன். மேனேஜரிடம் கொடுங்கள். தயவுசெய்து எதுவும் பேசாதீர்கள். அவர் என்ன கேட்டாலும் புன்னகை போதும்.

உங்கள் கதையைப் பெட்டியில் போடவில்லை. ஏன் தெரியுமா? நான் தட்டவே இல்லை, மாமா.

நடந்தது நடந்தபடி எழுதுங்கள் என்று கேட்டேன். நீங்கள் இல்லாத துடைப்பக் கட்டையை என் கையில் கொடுத்திருக்கிறீர்கள். அந்த அறையில் என்னிடம் ஒரு பாய், ஒரு பெட்டி, ஒரு பக்கெட். அவ்வளவுதான் சொத்து. நீங்கள் நாற்காலியை இழுக்கும்போது தலையணையைத் தலைமேல் போட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அக்கா வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு மாமா வீட்டுத் தரையைத் தட்டுகிற அளவுக்கு எனக்குத் தைரியம் ஏது?

கதை சுவையாக இருக்க வேண்டும் என்று சேர்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நம் அஸ்திவாரத்தில் முதல் செங்கல்லே பொய்யா என்று வருத்தமாகத்தான் இருக்கிறது. போகட்டும்.

மாப்பிள்ளை


ஜூலை 6

மாப்பிள்ளைக்கு,

முடிந்தது. உன் 'கீழ்வீடு' குப்புற விழுந்தது.

முதல் சில நாட்கள் பெட்டிகள் நன்றாகப் போயின. மேனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நீ சொன்னபடி நானும் வாயைத் திறக்காமல் புன்னகைத்தேன். என் தாடை வலித்தது. அப்புறம் ஆரம்பித்தது.

நேற்று நான் கடையில் இருக்கும்போது ஓர் அம்மாள் வந்தார். பள்ளிக்கூட டீச்சராம். நம் பெட்டியைக் கல்லாமேல் 'தொப்'பென்று போட்டார். மூடி கிழிந்திருந்தது. "இதை நான் மேல் வீட்டுல கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரிச்சுக்கிட்டேதான் வாங்கினாங்க. அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து நாற்காலியோட சோபாவையும் சேர்த்து இழுக்கறாங்க" என்றார். இன்னொருவர், வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா, அவர் கொடுத்த பெட்டி மறுநாள் காலை அவர் வாசலிலேயே கிடந்ததாம். உள்ளே காலுறை இல்லை. வீட்டுக் குப்பை. மூன்றாவதாக வந்த ஒருத்தரின் மேல் வீட்டுக்காரர் வீட்டு ஓனரிடமே புகார் கொடுத்துவிட்டாராம், 'எங்களை அவமானப்படுத்தறாங்க' என்று.

மேனேஜர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "சார், என் கடைக்கு ஜனங்க நாற்காலி வாங்க வர்றாங்க. சண்டை வாங்கிட்டுப் போறாங்க" என்றார். பெட்டிகளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மாதக் கடைசியில் கல்லாப் பக்கத்தை மாற்றி அடுக்கப்போகிறார்களாம். அதற்குள் வேறு மாதிரி கொண்டுவந்தால் பார்ப்பார், இல்லாவிட்டால் அந்த இடத்தில் பூச்சாடி வைத்துவிடுவார்.

'அன்புடன்' என்று போட்டால் அன்பு வந்துவிடுமா? யாராவது வாசலில் நின்று அந்தப் பெட்டியை என்னிடம் நீட்டியிருந்தால் நானும் சோபாவை இழுத்திருப்பேன். இதைத்தான் அன்றைக்கே சொல்ல வந்தேன். விழுங்கிவிட்டேன். பேசினால் தப்பு என்றாய். பேசாமல் இருந்தால் இப்படி ஆகிறது. நான் என்னதான் செய்ய?

திங்கட்கிழமை ஃபேக்டரிப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். வேலை கேட்க இல்லை. சும்மா பார்க்க. உன் அக்காவிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பாருங்க, பாருங்க" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

போகிற போக்கில் ஒன்று. நீ எழுதியதிலிருந்து எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை. என் காதால் கேட்டேன். நீ தட்டவில்லை என்றால் வேறு எவன் தட்டினான்?

மாமா


ஜூலை 10

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அச்சகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். இங்கே மிச்சமிருந்த 'கீழ்வீடு' அட்டைகளை நேற்று கழிவுக் காகித வண்டியில் ஏற்றினார்கள். என் முதலாளி தோளில் தட்டி, "முதல் பெட்டி யாருக்குத்தான் நின்னுச்சு? நீ இங்கேயே நிரந்தரமா இருந்துடு" என்றார். நல்ல மனுஷன். சரி என்று சொல்லிவிடலாமா என்று இருக்கிறது. பகலெல்லாம் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது, அறைக்குத் திரும்பியதும் சொல்லக் கூடாது என்று தோன்றுகிறது.

உங்களைப் பேச வேண்டாம் என்று சொன்னது என் திமிர். அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேல் வீட்டில் இருக்கும் ஒரே ஆளை எனக்குத் தெரியும். அவர் வாயை நானே கட்டிப்போட்டுவிட்டு, மேல் வீட்டுக்காரர்களுக்குப் பெட்டி செய்தேன்.

ஃபேக்டரிக்குப் போனீர்களா? போயிருந்தால் எழுதாதீர்கள். போகாவிட்டால் மட்டும் எழுதுங்கள்.

அந்தத் தட்டல். உங்கள்மேல் இருந்த கோபத்தில் போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். நானும் அதைக் கேட்டிருக்கிறேன். நாற்காலி கத்தும், உடனே 'டொக் டொக்' என்று கேட்கும். எனக்கு அது மேலிருந்துதான் வந்தது. காலையிலேயே மாமா சுவரில் ஆணி அடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். இத்தனை ஆணியில் அப்படி என்னத்தைத்தான் மாட்டுவார் என்றுகூட யோசித்திருக்கிறேன்.

இப்போது யோசித்தால், அது உங்கள் மேஜை இருக்கும் பக்கத்திலிருந்து வரவில்லை. சமையலறைப் பக்கத்திலிருந்து வந்தது.

மாமா, அக்காவிடம் கேளுங்கள். கத்தாமல் கேளுங்கள்.

மாப்பிள்ளை


ஜூலை 15

மாப்பிள்ளைக்கு,

ஃபேக்டரிக்குப் போகவில்லை. வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். அதுவும் போகாததில்தான் சேர்த்தி.

உன் அக்காவிடம் கேட்டேன். கத்தாமல்தான் கேட்டேன். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவே இல்லை.

"ஆமா, நான்தான் தட்டினேன். தரை துடைக்கிற கம்பால."

"எதுக்கு?"

"எதுக்கா? நாற்காலியைத் தூக்கி வைங்கன்னு எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன்? 'ம்' கொட்டுவீங்க, அடுத்த நிமிஷம் இழுப்பீங்க. உங்க பழைய சாக்ஸை எடுத்து நாலு காலுக்கும் மாட்டி வச்சேன். நாற்காலிக்குக் குளிருதான்னு கேட்டு, சிரிச்சுக்கிட்டே கழட்டிப் போட்டீங்க. கீழ இருந்து தட்டற மாதிரி தட்டினேன். உடனே காது திறந்துச்சு. தம்பி தட்டினா கேக்குது, பக்கத்து அறையில இருக்கறவ சொன்னா கேக்காது."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை காலம் என்னை முட்டாளாக்கியிருக்கிறாளே என்று. "கீழ இருந்த பையனுக்குத்தானே தொந்தரவு? உனக்கு என்ன?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. துணியைக் கீழே வைத்தாள்.

"அவன் எழுந்து வேலைக்குப் போயிடுவான். நான் எங்க போறது? நீங்க மாட்டின அந்த முதல் காலுறையும் என்னிக்கோ தேஞ்சுபோச்சு. நீங்க வேலையை விட்டதுல இருந்து நாள் பூரா ரெண்டு பேரும் இந்த வீட்டுக்குள்ளதானே இருக்கோம். கீழ் வீட்டுக்காரங்களுக்கு ஒரு பெட்டி, மேல் வீட்டுக்காரங்களுக்கு ஒரு பெட்டின்னு ரெண்டு பேரும் மண்டையைப் போட்டு உடைச்சீங்களே, இந்த வீட்டுல இருக்கறவளுக்கு என்னன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். பஸ் நிலையம் வரை நடந்து, ஒரு பஸ்ஸும் ஏறாமல் திரும்பி வந்தேன். வழியெல்லாம் வெட்கமாக இருந்தது மாப்பிள்ளை. அந்த முதல் காலுறையை உன்மேல் பரிதாபப்பட்டுச் செய்தேன் என்று எவ்வளவு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். அதற்கும் முன்னால் என் சாக்ஸால் ஒன்று செய்தவள் அடுத்த அறையில் இருந்திருக்கிறாள். நான் அதைக் கழட்டி எறிந்திருக்கிறேன்.

வந்ததும் பேனாவை எடுத்து உன் இரண்டாவது தாளில் எழுதினேன். 'யாருக்காக?' அதற்குக் கீழே: 'ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு.' உன் அக்கா பின்னால் நின்று பார்த்தாள். கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

கொஞ்சம் யோசித்துப் பார். அடுத்த அறையில் ஒருத்தர் படிப்பார், ஒருத்தர் காய்ச்சலில் படுத்திருப்பார், ஒருத்தர் இரவு வேலை முடித்துத் தூங்குவார். நாற்காலியும் அதே வீட்டில், காதும் அதே வீட்டில். பரிசு கொடுக்க வேண்டாம், படி ஏற வேண்டாம், யாரையும் அவமானப்படுத்த வேண்டாம். இழுக்கிறவனே வாங்குவான், இல்லாவிட்டால் அவன் வீட்டுக்காரி வாங்குவாள்.

மூன்றாவது தாளையும் அவளே சொல்ல, நான் எழுதிவிட்டேன். 'எதை ஒருநாளும் செய்ய மாட்டோம்?' அவள் சொன்னது சொன்னபடி: "நான் தட்டின கதையைப் பெட்டியில போட்டு வித்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது."

ஆக, கதை கிடையாது. இனி பெயர் ஒன்றுதான் பாக்கி. அது உன்னால்தான் முடியும். மாதக் கடைசி நெருங்குகிறது, பூச்சாடி காத்திருக்கிறது. எனக்கு உட்கார முடியவில்லை.

மாமா


ஜூலை 19

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படிக்கும்போது பெயர் அதிலேயே இருந்தது. அக்கா உங்களிடம் சொன்ன வார்த்தை. 'பக்கத்து அறை.'

கம்பெனிக்குப் பெயர் வைக்க நான் கடைவீதியில் முன்பின் தெரியாதவர்களையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டேன். அக்கா கையால் சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவளிடம் அனுமதி வாங்கிவிட்டீர்கள் என்றால்தான் அச்சுக்குப் போவேன். கதை இல்லை, படம் இல்லை, அவள் பெயரும் இல்லை. அறையின் பெயர் மட்டும்தான். அதற்கும் சோறு கிடையாது என்றால் வேறு யோசிக்கிறேன்.

மாதிரிப் பெட்டி ஒன்று இத்துடன். வெறும் பழுப்பு அட்டை, மேலே பெயர், கீழே ஒரே ஒரு வரி: 'யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள்.' 'அன்புடன்' எல்லாம் கிடையாது. நாடாவும் கிடையாது.

மேனேஜரிடம் இந்தத் தடவை நீங்கள் பேசுங்கள். நான் எதுவும் எழுதிக் கொடுக்கப்போவதில்லை.

முதலாளியிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. கீழே அந்த அறை வேறு யாருக்காவது போய்விட்டதா?

மாப்பிள்ளை


ஜூலை 28

மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா பெட்டியைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். அதைக் கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியில் அவள் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்துவிட்டாள். எனக்குத் திருப்பித் தரவில்லை. அனுமதி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அதனால்தான் உனக்கு அச்சடிக்கச் சொல்லித் தந்தி மாதிரி தபால் அட்டையில் ஒரு வரி அனுப்பினேன்.

நீ அச்சடித்து அனுப்பிய பெட்டிகளோடு நேற்று ஷோரூமுக்குப் போனேன். மேனேஜர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். "என்ன இது?" பெருசா ஒண்ணுமில்ல என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டேன். "சார், நீங்க அந்தத் தடுப்புக்குப் பின்னாடி போய் நில்லுங்க" என்றேன். முழித்தார், ஆனாலும் போனார். கடையிலிருந்த ஒரு நாற்காலியை இழுத்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காலுறையை மாட்டினேன். திரும்ப இழுத்தேன். "இழுத்துட்டீங்களா?" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து கேட்டார். "ரெண்டு தடவை இழுத்தாச்சு சார்" என்றேன்.

வெளியே வந்து தானே ஒருமுறை நாற்காலியை இழுத்துப் பார்த்தார். "என் பொண்ணு அடுத்த ரூம்லதான் படிக்கறா. கதவைச் சாத்திக்கிட்டே இருக்கான்னு திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். கல்லாப் பக்கத்து இடம் நமக்கு. பூச்சாடி வேறு இடம் பார்த்துக்கொள்ளும். காசு கொடுத்து முதல் பெட்டியை அவரே வாங்கிப் போனார். ஆரம்பம்தான், இன்னும் எவ்வளவோ இருக்கிறது. பயம் போகவில்லை. ஆனால் நான் அதைத் துணி என்று சொல்லவில்லை, மாப்பிள்ளை. அதை உனக்கு எழுத வேண்டும் என்று கடையிலிருந்து வீடு வரை ஓடாத குறையாக வந்தேன்.

கீழ் அறை காலியாகத்தான் இருக்கிறது. ஃபெல்ட் சுருள்களை அங்கே இறக்கலாம் என்று இருந்தேன். உன் அக்கா விடமாட்டேன் என்கிறாள். "அது அவன் ரூம்" என்கிறாள். உன் முதலாளி நல்ல மனுஷன் என்று எழுதியிருந்தாய், அதனால் வற்புறுத்த மாட்டேன். வற்புறுத்தவில்லை என்பதை மட்டும் கவனித்துக்கொள்.

இந்தக் கடிதத்தை அதே மேஜையில், அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நாலு காலிலும் நம் புதுக் காலுறை. வழக்கம்போல எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். ஒரு சத்தம் கிடையாது. அப்போது சமையலறையிலிருந்து 'டொக் டொக் டொக்'.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்துபோய்ப் பார்த்தேன். கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"இப்போதான் நாற்காலி சத்தமே போடலையே, எதுக்குத் தட்டினே?" என்றேன்.

"அதான் தட்டினேன். சத்தமே இல்ல. நீங்க இருக்கீங்களா, வெளிய போயிட்டீங்களான்னு தெரியல" என்றாள்.

இருக்கிறேன் என்றேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறையிலேயே போட்டுவிட்டேன். மீதியை அங்கே உட்கார்ந்துதான் எழுதி முடிக்கிறேன். உனக்கு என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறாள், எழுத்து இன்னும் கோணலாகத்தான் இருக்கிறதாம். உன் நம்பர்மேல் போட்ட தடையை எடுத்துவிட்டாள். கூப்பிடு.

மாமா